பால்ஸ், என்.ஆர்.பி., பெடிகான்: குழந்தை நல முதுநிலை மாணவர்கள் எதற்குப் பணம் கட்டலாம்?

எம்.டி. குழந்தை நல மருத்துவத்தில் சேர்ந்த சில மாதங்களிலேயே ஒரு மாணவரின் வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ்கள் குவியத் தொடங்கிவிடுகின்றன. நகரக் கிளையின் மாதாந்திரக் கூட்டம், மாநில மாநாடு, தேசிய மாநாடான பெடிகான், பச்சிளங்குழந்தை உயிர்மீட்புப் பயிற்சியான என்.ஆர்.பி., குழந்தைகளுக்கான மேம்பட்ட உயிர்காப்புப் பயிற்சியான பால்ஸ், வென்டிலேட்டர் பயிலரங்கு, அல்ட்ராசவுண்ட் பயிலரங்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டணம், ஒரு கடைசித் தேதி. ஸ்டைபெண்டில் வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சுவதை வைத்துக்கொண்டு, டூட்டியை மாற்றிக்கொள்ள ஒரு நண்பரையும் தேடிப் பிடித்தாக வேண்டியிருப்பதால், எதற்குப் போவது என்பது எளிய கேள்வி அல்ல. நான் இவற்றில் மாணவனாகவும் சென்றிருக்கிறேன். இப்போது ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் மாணவர்களை அனுப்பிவைக்கும் இடத்திலும் இருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பணமும் விடுப்பும் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் பால்ஸுக்குப் போங்கள். ஆனால் எந்த மையம், அங்கே ஒரு குழுவில் எத்தனை பேர், ஒத்திகை முடிந்தபின் கலந்துரையாடல் எவ்வளவு நேரம் நடக்கிறது என்பதை முன்பு அங்கே சென்று வந்தவர்களிடம் விசாரித்துவிட்டுப் போங்கள்.

அமெரிக்க இதயச் சங்கம் வகுத்துள்ள பால்ஸ் பயிற்சி வழக்கமாக இரண்டு நாள் நடக்கிறது. போவதற்கு முன்பே இணையத்தில் ஒரு முன்தேர்வை எழுதி எழுபது விழுக்காடு எடுத்திருக்க வேண்டும். கடைசி நாளில் ஐம்பது கேள்விகள் கொண்ட எழுத்துத் தேர்வில் எண்பத்து நான்கு விழுக்காடு தேவை. இவை இரண்டும் பெரிய விஷயமே அல்ல. கையேட்டை ஒருமுறை ஒழுங்காகப் படித்த எவரும் தேறிவிடுவார்கள். கட்டணத்தின் மதிப்பு முழுவதும் இடையில் நடக்கும் ஒத்திகைகளில்தான் இருக்கிறது. சுவாசம் தொடர்பாக நான்கு, உடலுக்குப் போதிய இரத்த ஓட்டம் கிடைக்காத ஷாக் நிலை தொடர்பாக நான்கு, இதயத் துடிப்பு தொடர்பாக நான்கு என்று பன்னிரண்டு நோயாளிக் காட்சிகள் இதன் அடிப்படை. ஒவ்வொன்றிலும் ஒரு மாணவர் குழுத் தலைவராக நிற்க, மற்றவர்கள் நெஞ்சை அழுத்துபவர், மூச்சுக்காற்றைத் தள்ளும் அம்பு பேக் பிடிப்பவர், மருந்து கொடுப்பவர், மானிட்டரைக் கவனிப்பவர், நேரத்தைக் குறித்துக்கொள்பவர் என்று இடம் பிரித்துக்கொள்கிறார்கள்.

கேட்க எளிதாக இருக்கும் இந்த ஏற்பாடு, நிற்கும்போது எப்படி இருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாடி இல்லை, மானிட்டரில் நேர்கோடு. அட்ரினலின் ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பது இறுதியாண்டு எம்.பி.பி.எஸ். மாணவருக்கும் தெரியும். நம் ஊரில் கிடைக்கும் ஆம்பியூலிலோ ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் இருக்கிறது. அதை உடைத்து, பத்து மில்லி சிரிஞ்சில் ஒன்பது மில்லி சலைனோடு கலந்து, அதிலிருந்து ஒரு மில்லி கொடுத்து, பின்னால் சலைனால் தள்ளிவிட வேண்டும். பக்கத்தில் ஒருவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே எண்ணுகிறார், இன்னொருவர் தலைவரைப் பார்த்து ஏதோ கேட்கிறார், பயிற்றுநர் "அம்மா வெளியே அழுதுகொண்டிருக்கிறார்" என்கிறார். இந்த நிலையில் கலவைக் கணக்கு நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடுவதை நல்ல மதிப்பெண் எடுக்கும் மாணவர்களிடமே பார்த்திருக்கிறேன். தலைவர் "யாராவது அட்ரினலின் போடுங்க" என்கிறார்; நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்; யாரும் நகர்வதில்லை. இரண்டாம் நாள் அதே மாணவர் ஒருவரின் பெயரைச் சொல்லி, "ஒன்றுக்குப் பத்தாயிரம் கலவையில் ஒரு மில்லி அட்ரினலின் ஐ.வி. கொடுங்க, கொடுத்ததும் சொல்லுங்க" என்கிறார், கொடுத்தவர் "ஒரு மில்லி கொடுத்தாச்சு" என்று திருப்பிச் சொல்கிறார், நேரம் குறிப்பவர் மூன்று நிமிடம் கழித்து நினைவூட்டுகிறார். பாடநூலில் நான்கு வரியாக இருக்கும் இந்த ஒழுங்கு உடம்பில் ஏறுவதற்கு வேறு வழி எதையும் நான் கண்டதில்லை.

மிதமிஞ்சிய இதயத் துடிப்பை அடக்கும் அடினோசின் மருந்துக்கான பயிற்சி நிலையமும் அப்படித்தான். சிறு குழந்தைக்கு இதயம் நிமிடத்துக்கு 240 முறை துடிக்கும் எஸ்.வி.டி.யில் முதல் அளவு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். ஆனால் அந்த மருந்து இரத்தத்தில் பத்து நொடிகூட முழுதாக நிற்காது என்பதால், மூன்றுவழி ஸ்டாப்காக்கில் ஒரு பக்கம் மருந்தும் மறுபக்கம் சலைனும் வைத்து, இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மூச்சில் தள்ள வேண்டும். அந்தக் கைப்பழக்கம் இல்லாதவர் சரியான அளவைக் கொடுத்துவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்று முடிவுகட்டிவிடுவார். எலும்புக்குள் ஊசி ஏற்றும் பயிற்சிக்குப் பல மையங்களில் கோழிக்கால்தான் பயன்படுகிறது. எலும்பின் வெளிச்சுவரைத் தாண்டும்போது கையில் உணரும் அந்தச் சிறு விடுபடலை எந்த விலையுயர்ந்த செயற்கைக் காலும் இவ்வளவு நன்றாகத் தருவதில்லை. இதற்கென உள்ள ஐ.ஓ. ஊசி இல்லாத மருத்துவமனைகளில் கைக்குழந்தைக்குப் பதினெட்டு கேஜ் ஊசியையே பயன்படுத்தவேண்டி வரும் என்பதையும் நல்ல பயிற்றுநர்கள் அங்கேயே காட்டிக்கொடுக்கிறார்கள்.

பொம்மைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விளம்பரங்கள் அதைத்தான் முன்னிறுத்துகின்றன. நார்வே நாட்டு லேர்டால் நிறுவனத்தின் சிம்பேபி போன்றவை மூச்சு விடும், அழும், நீலம் பாரிக்கும், நாடி காட்டும். அவை இருந்தால் நல்லதுதான். குறிப்பாக, குழந்தையைப் பார்த்த சில நொடிகளில் தோற்றம், மூச்சுவிடும் சிரமம், தோல் நிறம் மூன்றையும் வைத்து முடிவெடுக்கும் முக்கோண மதிப்பீட்டைக் கற்கையில் அவை உதவுகின்றன. ஆயினும் கைகால் அசையாத சாதாரண பொம்மையையும், மானிட்டர் போலக் காட்டும் ஒரு டேப்லெட்டையும் வைத்துக்கொண்டு மிகச் சிறந்த பயிற்சி தந்த ஆசிரியர்களை அறிவேன். பயிற்றுநர் வாய்விட்டுச் சொல்லும் ஒரு வரியே போதும், மாணவரின் உள்ளங்கை வியர்க்க.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒத்திகை முடிந்தபின் நடக்கும் டிப்ரீஃபிங். பத்து நிமிட ஒத்திகைக்கு அதைவிட நீண்ட கலந்துரையாடல் வேண்டும் என்பது என் அனுபவம். நம் கல்லூரிகளில் தவறு நடந்தால் எல்லோர் முன்னிலையிலும் திட்டு விழும் என்று பழகிய மாணவர்களுக்கு, பயிற்றுநர் உட்கார்ந்து, "மின் அதிர்ச்சி கொடுப்பதற்கு முன் நெஞ்சு அழுத்துவதை நிறுத்தி நாற்பது நொடி போய்விட்டதைப் பார்த்தேன், அந்த நேரத்தில் மூளைக்கு இரத்தம் போகாதே என்று எனக்குக் கவலையாக இருந்தது, அப்போது நீங்கள் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்பது முதலில் சந்தேகத்தையே உண்டாக்குகிறது. சற்று நேரத்தில், "டிஃபிப்ரிலேட்டரில் கிலோவுக்கு இரண்டு ஜூலா, நான்கா என்று குழம்பிவிட்டேன் சார், கேட்க வெட்கமாக இருந்தது" என்ற பதில் வருகிறது. குறை அறிவில் இல்லை, கேட்கத் தயங்கியதில் இருக்கிறது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் புலப்படுகிறது. பாஸ்டனில் உள்ள மருத்துவ சிமுலேஷன் (ஒத்திகைப் பயிற்சி) மையம் பரப்பிய இந்த முறையின் அடிப்படை நம்பிக்கை, பயிற்சிக்கு வந்திருக்கும் ஒவ்வொருவரும் அறிவுள்ளவர், அக்கறை உள்ளவர், முன்னேற விரும்புபவர் என்பதாகும். நம் வார்டு ரவுண்ட்ஸிலும் இது நுழைய வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

இன்னொரு முறையும் உண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவினர் குழந்தை நல ரெசிடென்ட்டுகளைக் கொண்டே பரிசோதித்து 2014-இல் வெளியிட்ட இதில், தவறு நேர்ந்த அந்த இடத்திலேயே பயிற்றுநர் நிறுத்தி, திருத்தி, பத்து நொடி பின்னுக்குப் போய் மறுபடி செய்யவைக்கிறார். பிசகிய சங்கதியைப் பாட்டு வாத்தியார் அங்கேயே நிறுத்தித் திரும்பப் பாடவைப்பதைப் போன்றது இது. முதல் ஐந்து நிமிடத்தில் செய்யவேண்டிய, விவாதத்துக்கு இடமில்லாத வேலைகளுக்கு இந்த முறையே பொருந்தும். முடிவெடுக்கும் திறனுக்கு நீண்ட டிப்ரீஃபிங் பொருந்தும். இரண்டையும் இடமறிந்து கையாளும் மையம் உங்கள் ஊருக்கு அருகில் இருந்தால் யோசிக்காமல் சேரலாம்.

இவ்வளவும் நல்ல மையத்தைப் பற்றியது. நான் சென்ற மையங்களில் ஒன்றில், ஒரே பொம்மையைச் சுற்றிப் பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் நின்றோம். காட்சிகளை ஸ்லைடில் போட்டு, "அடுத்து என்ன செய்வீர்கள்?" என்று பொதுவாகக் கேட்க, முன்வரிசையில் இருந்த இருவர் பதில் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினோம். குழுத் தலைவராக ஒருமுறைகூட நிற்காதவர்களுக்கும் மாலையில் அட்டை கிடைத்தது. அந்த அட்டையை நம்பி இரவு டூட்டியில் ஒரு மாணவரைத் தனியாக நிறுத்துகிற துறைத் தலைவரை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஆறு பேருக்கு ஒரு பயிற்றுநர், அதிகபட்சம் எட்டு. அதற்கு மேல் என்றால் கட்டணத்தைத் திருப்பிக் கேட்பதில் தவறில்லை.

பச்சிளங்குழந்தைகளுக்கான என்.ஆர்.பி. பயிற்சிக்கு என் பாராட்டு தயக்கமற்றது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் இதயச் சங்கமும் 1987-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தை, இந்தியாவில் தேசிய பச்சிளங்குழந்தை நல மன்றமும் இந்தியக் குழந்தை மருத்துவர் கழகமும் பல ஆயிரம் மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் கொண்டுசேர்த்திருக்கின்றன. பிறக்கும் குழந்தைகளில் சுமார் பத்தில் ஒன்றுக்கு மூச்சைத் தொடங்க ஏதேனும் உதவி வேண்டியிருக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குத் தேவை முதல் ஒரு நிமிடத்துக்குள் சரியான மாஸ்க், சரியான தலைநிலை, நிமிடத்துக்கு நாற்பது முதல் அறுபது முறை அம்பு பேக் அழுத்தம், அவ்வளவுதான். ஆகவே பயிற்சியின் முக்கால் பங்கு இந்த ஒரே வேலையைச் சுற்றியே சுழல்கிறது, அது மிகச் சரி. நெஞ்சு உயரவில்லையா, மாஸ்க்கை மாற்றி வை, தலையைத் திருத்து, வாயையும் மூக்கையும் உறிஞ்சு, வாயைத் திற, அழுத்தத்தைக் கூட்டு, கடைசியாகக் குழாய் என்று வரிசையாகச் செய்துபார்த்த மாணவர், பிரசவ அறையில் நெஞ்சை அழுத்துவதற்கு அவசரப்படுவதில்லை. தொப்புள் கொடிச் சிரையில் குழாய் செலுத்தும் பயிற்சிக்குப் பிரசவ வார்டில் இருந்து வாங்கி வந்த உண்மையான தொப்புள் கொடியைப் பால் புட்டி நிப்பிளில் செருகி வைத்திருப்பார்கள். இரண்டு தமனியையும் ஒரு சிரையையும் கண்ணால் பிரித்தறிய அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. கட்டணமும் பால்ஸை ஒப்பிடக் குறைவு. முதலாம் ஆண்டில், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவான என்.ஐ.சி.யூ.வில் டூட்டி தொடங்குவதற்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

மாநாடுகளுக்கு வருகிறேன். 1963-இல் தொடங்கப்பட்ட இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தின் ஆண்டு மாநாடான பெடிகான் பெரும்பாலும் ஜனவரி மாதத்தில், ஒவ்வோர் ஆண்டும் ஒரு நகரத்தில் நடக்கிறது. 2024-இல் கொச்சியில் நடந்தபோது தமிழக மாணவர்களுக்குப் பயணச் செலவு குறைந்தது. ஒரே நேரத்தில் பல அரங்குகளில் உரைகள் நடப்பதால், நல்ல பேச்சாளர் இருவரில் ஒருவரை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். இருபது நிமிட உரையில் பேச்சாளர் புதிய வழிகாட்டுதலின் சாரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. கேள்வி கேட்க எழும் முதுநிலை மாணவருக்கு ஒலிவாங்கி வந்து சேர்வது அரிது. உரைகளில் கிடைக்கும் செய்தியை அறைக்குள் உட்கார்ந்தே படித்துவிடலாம் என்பதால், உரைகளுக்காக மட்டும் இவ்வளவு தூரம் போகும்படி நான் யாருக்கும் சொல்வதில்லை.

மாநாட்டுக்குப் போகத் தகுந்த காரணங்கள் வேறு. முதலாவது, மாநாட்டுக்கு முந்தைய நாள் நடக்கும் பயிலரங்குகள். தீவிர சிகிச்சை, வென்டிலேட்டர், அல்ட்ராசவுண்ட், நரம்பியல் என்று பிரிந்து நடக்கும் அவற்றில் ஆள் குறைவு, கைவேலை அதிகம், ஆசிரியர்களோ நாட்டின் முதல்வரிசைக்காரர்கள். முதன்மை மாநாட்டை விட்டுவிட்டுப் பயிலரங்குக்கு மட்டும் பதிய அனுமதித்தால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். இரண்டாவது, போஸ்டரோ கட்டுரையோ வாசிப்பது. எம்.டி. தேர்வுக்கான விதிகளில் இதற்கு இடம் இருப்பதால் பலரும் கடமைக்குச் செய்கிறார்கள். ஆனால் தன் ஆய்வின் முன் நின்று, முன்பின் தெரியாத பேராசிரியர் ஒருவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வது நல்ல பயிற்சி. மூன்றாவது, முதுநிலை மாணவர்களுக்கான வினாடி வினா. அதற்குத் தயாராகும் சில வாரங்களில் இரண்டு பேர் சேர்ந்து படிக்கும் படிப்பு, பரிசு கிடைக்காவிட்டாலும் தேர்வுக்கு உதவுகிறது. தீவிர சிகிச்சையில் ஆர்வமுள்ளவர்களுக்குப் பெடிகானைவிட, கழகத்தின் தீவிர சிகிச்சைப் பிரிவு நடத்தும் தேசிய மாநாடும், பச்சிளங்குழந்தை நலத்தில் ஆர்வமுள்ளவர்களுக்குத் தேசிய பச்சிளங்குழந்தை நல மன்றத்தின் மாநாடான நியோகானும் பொருத்தம். சிமுலேஷனையே கற்பிக்கும் கலையாகப் பயில விரும்புகிறவர்களுக்குப் பெடிஸ்டார்ஸ் அமைப்பு நடத்தும் பயிற்றுநர் பயிலரங்குகள் இருக்கின்றன. சீனியர் ரெசிடென்ட்டுகள் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

பால்ஸ் மீது எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. அதன் காட்சிகள் நம் கேஷுவாலிட்டிக்காக எழுதப்பட்டவை அல்ல. ஷாக் என்றதும் கிலோவுக்கு இருபது மில்லி திரவத்தை விரைவாக ஏற்றும் கைப்பழக்கத்தோடு திரும்பும் மாணவர், அக்டோபர், நவம்பர் மாதங்களில் வார்டை நிறைக்கும் டெங்கு குழந்தைக்கும் அதையே செய்யத் துணிகிறார். இரத்த அழுத்தம் குறையாத டெங்கு ஷாக்கில் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல், கிலோவுக்குப் பத்து முதல் இருபது மில்லியை ஒரு மணி நேரத்தில் கொடுத்து, இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் பி.சி.வி.யைப் பார்த்து அடுத்த அடி வைப்பதாகும். அவசரப்பட்டால் குழந்தை நுரையீரலில் நீர் கோத்துத் தவிக்கும். செந்தேள் கொட்டி, கைகால் சில்லிட்டு, வியர்த்து வரும் குழந்தைக்கு வேண்டியது பிரசோசின் என்ற மருந்து. மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் அதன் பயனை நிறுவினார் என்பது நம் மாணவர்கள் அறிந்ததே. அந்தக் குழந்தையின் இதயத்துக்குத் திரவத்தைக் கொட்டினால் நிலைமை கெட்டுவிடும். ஆப்பிரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்து 2011-இல் வெளிவந்த ஃபீஸ்ட் ஆய்வு, விரைவாகத் திரவம் ஏற்றிய குழந்தைகளில் இறப்பு கூடியதைக் காட்டியது. தீவிர சிகிச்சை வசதி குறைந்த இடங்களில் எச்சரிக்கை தேவை என்பதை உலகமே அதன்பின் ஏற்றுக்கொண்டது. பால்ஸ் கையேடும் ஒவ்வொரு முறை திரவம் ஏற்றியபின் கல்லீரலைத் தொட்டுப் பார், நுரையீரலைக் கேள் என்று சொல்லத்தான் செய்கிறது. ஆனால் ஒத்திகையின் வேகத்தில் அந்த வரி காணாமல் போய்விடுகிறது. பாம்புக்கடி, அரளி விதை, பூச்சிமருந்து, நிற்காத வலிப்பு ஆகியவற்றையும் சேர்த்துத்தான் நம் மாணவர்களுக்கு முழுமையான பயிற்சி என்று சொல்ல முடியும்.

அதனால் எங்கள் துறையில் மாதம் ஒருமுறை வார்டிலேயே ஒத்திகை வைக்கிறோம். டெங்கு ஷாக், தேள்கடி, வலிப்பு என்று காட்சிகளை நாங்களே எழுதுகிறோம், பொம்மை சாதாரணமானது, பங்கேற்பவர்கள் அன்றைய டூட்டியில் இருக்கும் மாணவர்களும் செவிலியர்களும். செவிலியர்கள் சேர்வதுதான் வெளி மையங்களில் கிடைக்காத பெரும் பயன். "டாக்டர், நீங்க சொன்ன டோஸ் பத்து மடங்கு ஜாஸ்தியா வருது" என்று ஒரு மூத்த சிஸ்டர் ஒத்திகையில் தடுத்துச் சொன்ன பிறகு, அந்த வார்டில் மருந்தளவை உரக்கத் திருப்பிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. எமர்ஜென்சி டிராலியில் கைக்குழந்தைக்கான மாஸ்க் அடித்தட்டில் இருந்ததும், ஆக்சிஜன் சிலிண்டர் சாவி வேறொரு வார்டில் தொங்கியதும், லாரிங்கோஸ்கோப் பேட்டரி தீர்ந்திருந்ததும் இப்படித்தான் வெளிப்பட்டன. இவற்றை எந்த நட்சத்திர விடுதி அரங்கிலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

பால்ஸ் அட்டை இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் நெஞ்சு அழுத்தும் ஆழமும் வேகமும் சில மாதங்களிலேயே தளர்ந்துவிடுகின்றன. அமெரிக்க இதயச் சங்கமே இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறுகிய மறுபயிற்சி என்ற திட்டத்தை நடத்துவது இதனால்தான். ஆகவே என் மாணவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலாம் ஆண்டின் தொடக்கத்தில் என்.ஆர்.பி.; குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவான பி.ஐ.சி.யூ. டூட்டிக்கு ஒரு மாதம் முன்பு பால்ஸ். இரண்டாம் ஆண்டில், ஆய்வின் முதல் முடிவுகள் கைக்கு வந்தபின், ஒரு மாநில மாநாட்டில் போஸ்டரும் ஒரு பயிலரங்கும். பெடிகான் அருகில் நடந்தால் மட்டும். மூன்றாம் ஆண்டில் வெளியே எதற்கும் போக வேண்டாம். வார்டு ஒத்திகையில் ஜூனியர்களுக்குப் பயிற்றுநராக நிற்கட்டும். துறைக்குப் பணம் ஒதுக்கும் இடத்தில் இருப்பவர்கள், விலையுயர்ந்த பொம்மை ஒன்றை வாங்கிக் கண்ணாடி அறையில் பூட்டிவைப்பதற்குப் பதிலாக, இரண்டு ஆசிரியர்களை டிப்ரீஃபிங் பயிற்சிக்கு அனுப்பி, சாதாரண பொம்மைகள் நான்கும் ஒரு டேப்லெட்டும் வாங்கித் தந்தால், அந்த ஆண்டே இரவு டூட்டியில் வித்தியாசம் தெரியும்.